தல்சிம்: நீளும் கைகளும் ஓயாத வழக்கும்

ஸ்ட்ரீட் ஃபைட்டர் என்னும் சண்டை வீடியோ கேம் தொடரை நெடுநாளாக ஆடுபவர்களிடம் எந்தப் பாத்திரத்தை எதிர்த்து ஆடவே பிடிக்காது என்று கேட்டால், வரும் பதில்களில் தல்சிமின் பெயர் பெரும்பாலும் இருக்கும். யாருடைய ஆட்டத்தை உட்கார்ந்து வேடிக்கை பார்க்கப் பிடிக்கும் என்று அதே ஆட்களிடம் கேட்டாலும் அவர் பெயர் வந்துவிடும். கேப்காம் நிறுவனம் 1991-இல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-ஐ வெளியிட்டபோது, நாம் தேர்ந்தெடுத்து ஆடக் கிடைத்த எட்டுப் பேரில் ஒருவராக அறிமுகமான இந்த இந்திய யோகியின் மேல் இரண்டு வழக்குகள் இன்றுவரை முடியாமல் நடக்கின்றன. தொலைவில் நின்றுகொண்டு எதிராளியை நெருங்கவே விடாத அவருடைய ஆட்டமுறை நியாயமானதா என்பது ஒன்று. மண்டையோட்டு மாலையும் கிழிந்த அரைக்கால்சட்டையுமாக ஓர் இந்தியரை வரைந்தது நம்மை மதித்ததா, கேலி செய்ததா என்பது மற்றொன்று. இரண்டையும் சேர்த்து யோசித்ததில் எனக்குத் தோன்றுவது இதுதான்: அவருடைய ஆட்டத்தை வடிவமைத்தபோது செலவிட்ட அறிவில் பாதியைக்கூட அவருடைய தோற்றத்தை வரைந்தபோது யாரும் செலவிடவில்லை.

முதலில் ஆட்டத்தைப் பார்ப்போம், ஏனென்றால் அங்கேதான் பேசுவதற்கு நிறைய இருக்கிறது. சண்டை விளையாட்டுகளில் பெரும்பாலான பாத்திரங்களுக்கு அடி, உதை ஆகியவற்றின் எட்டும் தூரம் ஏறத்தாழ ஒன்றுதான். ரியூவின் கால் எங்கே எட்டுமோ, கென்னின் காலும் அங்கேதான் எட்டும், சுன்-லியின் கால் இன்னும் சற்று நீளும். தல்சிமின் கையும் காலுமோ ரப்பர்போல நீண்டு திரையின் பாதிக்கு மேல் போய்விடும். மற்றவர்கள் நெருங்கி வந்தால்தான் தொடங்கும் சண்டை, அவரைப் பொறுத்தவரை நடுவர் கையசைத்த கணத்திலேயே தொடங்கிவிடுகிறது. அதற்கு மேல், வாயிலிருந்து புறப்படும் யோகா ஃபயர் என்னும் தீப்பந்தும், அருகில் வருபவரைச் சுடும் யோகா ஃப்ளேம் என்னும் பெருந்தீயும் முதல் பதிப்பிலிருந்தே அவரிடம் இருந்தன. இருந்த இடத்திலிருந்து மறைந்து வேறிடத்தில் தோன்றும் யோகா டெலிபோர்ட் 1992-இல் வந்த ஹைப்பர் ஃபைட்டிங் பதிப்பில் சேர்ந்தது. மேல்நோக்கி நெருப்பை உமிழும் யோகா பிளாஸ்ட், தாவி வருபவர்களைத் தடுக்க அடுத்த ஆண்டு வந்த சூப்பர் பதிப்பில் கிடைத்தது.

இவ்வளவும் உள்ளவர் எப்படித் தோற்பார் என்று புதிதாகப் பார்ப்பவர் கேட்கக்கூடும். விடை அந்தக் கையிலேயே இருக்கிறது. எதிராளியை அடிக்கக்கூடிய பகுதியை ஹிட்பாக்ஸ் என்றும், நாம் அடிபடக்கூடிய பகுதியை ஹர்ட்பாக்ஸ் என்றும் ஆட்டக்காரர்கள் சொல்வார்கள். தல்சிம் கையை நீட்டும்போது இரண்டுமே நீள்கின்றன. திரையின் நடுப்பகுதியில் அந்தரத்தில் நிற்கும் அந்தக் கையை யாராவது ஓங்கி உதைத்தால், உடம்பு எங்கோ தொலைவில் பாதுகாப்பாக நின்றாலும் அடி அவருக்குத்தான். கபடியில் பாடிச் செல்பவன் கோட்டைத் தாண்டிக் காலை நீட்டித் தொட முயலும்போது அதே கணுக்காலை எதிரணி பிடித்து மடக்கிவிடுவதைப் போன்றது இது: எது ஆயுதமோ அதுவே பிடி. ஆகவே தல்சிமை நன்றாக ஆடுபவருடைய திறமை கையை நீட்டுவதில் இல்லை, எதிராளி இப்போது என்ன செய்யப்போகிறான் என்று ஊகித்து எந்த உயரத்தில், எந்த நொடியில், எந்தக் கையை நீட்டுவது என்று முடிவெடுப்பதில் இருக்கிறது. நின்று குத்தினால் தாவி வருபவரைப் பிடிக்கலாம், ஆனால் குனிந்து சறுக்கி வருபவர் தப்பிவிடுவார்; குனிந்து உதைத்தால் நடந்து வருபவரைப் பிடிக்கலாம், தாவுபவர் தலைமேல் வந்து இறங்குவார். ஒவ்வொரு நீட்டலும் ஒரு பந்தயம்.

இரண்டாவது பலவீனம் அவருடைய தாவல். காற்றில் மிதப்பதுபோல மெதுவாக ஏறி மெதுவாக இறங்குவார். பார்க்க அழகாக இருக்கும். எதிராளிக்கோ, கீழே காத்திருந்து எந்த அடியால் வரவேற்கலாம் என்று நிதானமாகத் தீர்மானிக்க நேரம் கிடைக்கும். இதை ஈடுசெய்யத்தான் தாவலின் நடுவில் திசைமாற்றிச் சாய்வாகப் பாயும் துரப்பண அடிகள் அவருக்குத் தரப்பட்டிருக்கின்றன. தலையை முன்னிறுத்தித் திருகியபடி இறங்குவது ஒரு வகை, காலை முன்னிறுத்தி இறங்குவது மற்றொரு வகை. அவை எதிராளியின் எதிர்பார்ப்பைக் குலைக்கும். ஆனால் உயரத்தில் பட்டுவிட்டால் தல்சிமே மாட்டிக்கொள்வார். நடையும் வேகமானதல்ல. பெரும்பாலான பதிப்புகளில் உயிர்க்கோடும் சராசரியை விடக் குறைவாகவே இருந்து வந்திருக்கிறது.

மூன்றாவது பலவீனம்தான் ஆட்டத்தின் போக்கையே தீர்மானிக்கிறது. ரியூவும் கென்னும் கீழே விழுந்து எழும்போது, மேலே நின்று மிரட்டுபவரைத் தூக்கி எறிய ஷோர்யூகென் என்னும் எழும் குத்து இருக்கிறது. தல்சிமுக்கு அப்படிப்பட்ட உறுதியான அவசரக் கதவு கிடையாது. விழுந்தால், தடுக்க வேண்டும். தடுத்தால், பிடித்து எறிவார்கள். எறிவதை எதிர்பார்த்து எழுந்தால், அடிப்பார்கள். டெலிபோர்ட் செய்து தப்பலாம் என்பது பாதி உண்மைதான், ஏனென்றால் அவர் எங்கே தோன்றுவார் என்பதை ஊகித்துவிட்டவரிடம் தோன்றிய இடத்திலேயே வாங்கிக்கட்டிக்கொள்ள நேரிடும். முப்பது நொடி பாடுபட்டுக் கட்டிய தூரம் ஒரே ஒரு தவறான கணிப்பில் சரிந்து, மூலையில் ஒடுக்கப்பட்டு, பத்து நொடியில் ரவுண்டே பறிபோவது தல்சிம் ஆட்டக்காரர்களுக்குப் பழகிப்போன அனுபவம்.

இந்தப் பலமும் பலவீனமும் மிகத் துலக்கமாகத் தெரியும் இடம் தல்சிமும் சங்கீஃபும் மோதும் ஆட்டம். சங்கீஃப் சோவியத் மல்லர். கையெட்டும் தூரத்தில் யார் வந்தாலும் தூக்கிச் சுழற்றித் தரையில் அறைந்துவிடுவார், அப்படி இரண்டு மூன்று முறை நடந்தால் ரவுண்டு முடிந்துவிடும். ஆனால் அந்த இடத்துக்கு அவர் வந்து சேர வேண்டுமே. பழைய பதிப்புகளில் சங்கீஃபை ஆடுபவர் இரு கையையும் விரித்துச் சுழலும் லாரியட்டால் தீப்பந்தைக் கடந்து ஓரடி முன்னேறினால், நீண்ட கால் ஒன்று வந்து அவரை மீண்டும் பின்னுக்குத் தள்ளும். தீப்பந்தைக் கையால் தட்டிவிட்டு முன்னே பாயும் பச்சைக் கை நுட்பம் கிடைத்த பிறகும், 1994-இல் வந்த சூப்பர் டர்போ பதிப்பில் இந்த மோதல் தல்சிம் பக்கமே பெரிதும் சாய்ந்திருந்தது. இதை வெறும் கொடுமை என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கோ இந்த விளையாட்டில் இதைவிட நாடகத்தன்மை வாய்ந்த மோதல் வேறில்லை. ஒருவருக்கு நூறு சிறு முடிவுகள் சரியாக அமைய வேண்டும், மற்றவருக்கு மூன்றே மூன்று அமைந்தால் போதும். பார்வையாளர்கள் ஒவ்வொரு அடி முன்னேற்றத்துக்கும் மூச்சைப் பிடித்துக்கொள்வது இதனால்தான்.

சூப்பர் டர்போவில் தல்சிம் உச்சத்தில் இருந்தார் என்பதில் ஆட்டக்காரர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. பாக்ஸர், கிளா, பழைய சகாட் என்னும் வலுவான பாத்திரங்களுக்குப் பக்கத்தில் அவரையும் வைப்பார்கள். அந்த இடத்தை அவருக்குப் பெற்றுத் தந்தது தொலைவு மட்டுமல்ல என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. பிடித்து எறியும் தூரமும் அவருக்குத் தாராளமாக இருந்தது. ரியூ எறியும் ஹடோகென் போன்ற பந்துகளின் அடியில் சறுக்கிச் செல்லும் உதை இருந்தது. கையை நீட்டாமல் குறுகிய வீச்சில் அடிக்கும் வகையையும் தேவைப்படும்போது தேர்ந்துகொள்ள முடிந்தது. ஜப்பானைச் சேர்ந்த கியான் என்ற ஆட்டக்காரர் அந்தப் பதிப்பில் தல்சிமை ஆடியதைப் பார்த்தவர்களுக்கு, இவர் ஓடி ஒளியும் பாத்திரம் என்ற எண்ணமே மாறிவிடும். எதிராளி தொலைவுக்குப் பழகிய நேரம் பார்த்து அவரே நடந்து வந்து பிடித்து எறிவார். தள்ளி நிறுத்துவது மட்டுமே நோக்கமானால் எதிராளி பொறுமையாகத் தடுத்துக்கொண்டே நெருங்கிவிடலாம். இவர் எந்த நேரத்திலும் தானே உள்ளே வரக்கூடும் என்ற அச்சம் இருந்தால்தான் அந்தப் பொறுமை கெடும்.

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3 வரிசையில் அவர் இல்லை. நீளும் கைகளை நெக்ரோ என்ற புதிய பாத்திரத்துக்கும் பிறகு டுவெல்வுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். இருவருமே தல்சிம் விட்டுச் சென்ற இடத்தை நிரப்பவில்லை என்பது என் எண்ணம். நீளம் இருந்தது, அதற்குப் பின்னால் ஒரு முழுமையான திட்டம் இல்லை. 2008-இல் நான்காம் பாகம் அவரைத் திரும்பக் கொண்டுவந்தபோது காலம் மாறியிருந்தது. வானத்திலிருந்து சாய்வாகக் காலை நீட்டிப் பாயும் ரூஃபஸ், யுன், காமி போன்றவர்கள் அந்தப் பாகத்தில் செல்வாக்கோடு இருந்தார்கள். எந்தக் கோணத்தில் இறங்குவார்கள் என்று தெரியாதவர்களை மெதுவான உதைகளால் நிறுத்திவைப்பது எளிதான காரியமாக இல்லை. அப்படியிருந்தும் அமெரிக்காவில் ஆர்டுரோ சான்செஸும் ஃபிலிப்பினோ சாம்பும் அவரை விடாமல் ஆடினார்கள். ஃபிலிப்பினோ சாம்ப் 2012-இல் ஈவோ என்னும் சண்டை விளையாட்டுப் போட்டியில் மார்வெல் வெர்சஸ் கேப்காம் பிரிவின் பட்டத்தையே வென்றவர்; அவ்வளவு வேகமான ஆட்டத்தில் பழகிய ஒருவர் இன்னொரு பக்கம் தல்சிமைத் தேர்ந்துகொண்டது, இந்தப் பாத்திரம் சோம்பேறிகளுக்கானது என்ற வசைக்கு நல்ல மறுமொழி.

அந்த வசையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் தல்சிமுக்கு எதிரான முதல் வழக்கின் சாரமே அதுதான். தொலைவிலிருந்து ஆடும் முறையை ஸோனிங் என்பார்கள். ஸோனிங் செய்பவர்களிடம் தோற்பவருக்கு ஏற்படும் எரிச்சல், தோல்வியால் ஏற்படுவது அல்ல. அருகில் நின்று அடித்துப் பிடித்து நொறுக்கும் பாத்திரங்களிடம் தோற்றால், ஆடினோம், மேலானவனிடம் தோற்றோம் என்ற நிறைவாவது மிஞ்சும். தல்சிமிடம் தோற்றவருக்கோ தான் ஆடவேயில்லை என்ற உணர்வு வருகிறது. மணிக்கணக்காகப் பயிற்சி செய்து விரல் நுனியில் வைத்திருந்த காம்போக்கள் என்னும் தொடர் அடிகளில் ஒன்றைக்கூட அவிழ்க்க வாய்ப்பில்லாமல், நடந்து, தடுத்து, அடிபட்டு, மீண்டும் நடந்து, கடைசியில் நேரம் முடிந்து தோற்பது யாருக்குத்தான் பிடிக்கும்? அந்தக் கோபம் புரிந்துகொள்ளக்கூடியது. ஆனால் புரிந்துகொள்வது வேறு, அதை நியாயம் என்று ஒப்புக்கொள்வது வேறு. சண்டை விளையாட்டில் தூரம் என்பதும் ஒரு பொருள். அதற்காகவும் போராடத்தான் வேண்டும். நெருங்கியபின் நடப்பது மட்டுமே சண்டை என்று நினைப்பவர்கள், விளையாட்டின் பாதியை ஆடாமலே விட்டவர்கள்.

மறுபக்கத்திலும் ஒரு குறை உண்டு என்பதைத் தல்சிமின் ஆதரவாளர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். அவரை ஆடுபவர்கள் மிகக் குறைவு. இதனால் மற்றவர்களுக்கு அவரை எதிர்த்துப் பழக வாய்ப்பும் குறைவு. ரியூவை எதிர்த்து ஆயிரம் முறை ஆடியவர் தல்சிமை எதிர்த்துப் பத்து முறை ஆடியிருந்தால் அதிகம். அந்த அறியாமையும் அவருக்கு ஓர் ஆயுதமாகிவிடுகிறது. கீழ்நிலை ஆட்டக்காரர்களிடையே அவர் பெறும் வெற்றிகளில் ஒரு பங்கு திறமையால் வந்ததல்ல, எதிராளி இதற்கு முன் பார்த்திராத தூரத்திலிருந்து வந்த உதையால் வந்தது. மேல்நிலையில் அந்தச் சலுகை கரைந்துவிடும்; அங்கேதான் உண்மையான தல்சிம் தெரியவருவார். ஆகவே அவர் வலுவானவரா, வலுவற்றவரா என்ற கேள்விக்கு, யாருடைய கையில், யாருக்கு எதிராக என்று திருப்பிக் கேட்காமல் விடை சொல்ல முடியாது.

2016-இல் வெளியான ஐந்தாம் பாகம் அவரை வேறு திசையில் இழுத்தது. அந்தப் பாகமே நெருங்கி மோதுவதை ஊக்குவிக்கும் விதத்தில் அமைந்தது. அதற்கேற்பத் தல்சிமுக்குக் காற்றில் அப்படியே நின்று மிதக்கும் யோகா ஃப்ளோட்டும், தரையில் நெருப்பைப் பரப்பும் யோகா பர்னரும் கொடுத்து, தீக்கும் தனக்கும் நடுவில் எதிராளியைச் சிக்கவைக்கும் தாக்குதல்காரராகவும் அவரை ஆக்கினார்கள். ஜப்பானின் ஒய்.எச்.சி. மோச்சி அந்தத் தல்சிமை ஆடியவர்களில் குறிப்பிடத்தக்கவர். மெதுவாகச் செல்லும் தீப்பந்தை விட்டுவிட்டு, டெலிபோர்ட் செய்து எதிராளியின் முதுகுப்புறம் தோன்றினால், அவர் எந்தப் பக்கம் தடுப்பது என்று திகைப்பார். ஓடிப்போகும் பாத்திரம் என்று திட்டியவர்கள் இப்போது, எங்கிருந்து வருகிறார் என்றே தெரியவில்லை என்று திட்டத் தொடங்கினார்கள்.

2023 ஜூன் 2-ஆம் நாள் வந்த ஆறாம் பாகத்தில் நிலைமை இன்னும் சுவையானது. இந்தப் பாகத்தில் எல்லோருக்கும் ஆறு கட்டங்கள் கொண்ட டிரைவ் மானி ஒன்று இருக்கிறது. அடிகளைத் தடுக்கத் தடுக்க அது குறையும். தீர்ந்துவிட்டால் பர்ன்-அவுட் என்னும் தளர்ந்த நிலைக்குப் போய்விடுவோம், அப்போது சிறப்பு அடிகளைத் தடுத்தாலும் உயிர் குறையும். தொலைவிலிருந்து ஓயாமல் தடுக்கவைக்கும் தல்சிமுக்கு இது வரமாகத் தோன்றும். ஆனால் அதே மானியைச் செலவிட்டு இரண்டு அடிகள்வரை தாங்கிக்கொண்டு முன்னே பாயும் டிரைவ் இம்பேக்ட்டும் எல்லோருக்கும் இருக்கிறது. நடுத்தூரத்தில் ஒற்றை உதையாக நீளும் காலை உடம்பில் வாங்கிக்கொண்டே வந்து அறைவதற்கு அதைவிடப் பொருத்தமான கருவி இல்லை. போதாததற்கு டிரைவ் பாரி என்னும் தடுப்பு வேறு. நீண்ட கையையும் தீப்பந்தையும் ஏற்று விழுங்கி, எதிராளி தன் மானியை நிரப்பிக்கொள்கிறார். பாரியை அழுத்திக்கொண்டே நிற்பவரைத் தண்டிக்கச் சிறந்த வழி பிடித்து எறிவது. தொலைவில் நிற்கும் தல்சிமுக்கு அது மட்டும்தான் எட்டாது. அதற்காக அவர் டெலிபோர்ட் செய்து அருகே வந்தாக வேண்டும், வந்தால் தன் பாதுகாப்பைத் தானே கலைத்தாக வேண்டும். இந்த ஒரு முரணுக்குள் ஆறாம் பாகத்தின் தல்சிம் முழுவதுமே அடங்கியிருக்கிறார் என்பேன். பிரான்சின் மிஸ்டர் கிரிம்சன் இந்தப் பாகத்தில் அவரை ஆடும்போது, தரையிலிருந்து சற்றே எழும்பிய கணத்திலேயே காற்றில் மறைந்து எதிராளியின் தலைக்கு மேல் தோன்றி அடிப்பதைப் பார்க்கலாம். விரல்களுக்கு அது எவ்வளவு கடினமான வேலை என்பது முயன்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். புதியவர்களுக்காக இந்தப் பாகத்தில் சேர்த்த மாடர்ன் என்னும் எளிய இயக்குமுறையும் தல்சிமுக்கு அவ்வளவாகக் கைகொடுப்பதில்லை. பட்டன்களைக் குறைத்தால் அடிகளும் குறையும், அவருடைய செல்வமே அடிகளின் பன்மைதானே.

இனி இரண்டாவது வழக்கு. 1991-இல் வரைந்த தல்சிமுக்கு மொட்டைத் தலை, நெற்றிக்கு மேல் சிவப்புக் கோடுகள், கருவிழி இல்லாத வெண்கண்கள், எலும்பு தெரியும் உடல், கழுத்தில் மூன்று மண்டையோடுகள். பின்னணியில் பிளிறும் யானைகளும் சுவரில் பிள்ளையார் படமும். மேல்நாட்டினர் கற்பனையில் இருந்த ‘இந்திய மாயாவி’யைப் பார்த்து எழுதியது இது என்று சொல்ல அதிக ஆராய்ச்சி தேவையில்லை. கை நீளும் இந்திய யோகி ஒருவர் 1970களின் குங்ஃபூ படம் ஒன்றிலேயே வருகிறார், தல்சிமின் மூலம் அவர்தான் என்று ரசிகர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். நின்டெண்டோவின் குத்துச்சண்டை விளையாட்டான பஞ்ச்-அவுட்டில் 1980களிலேயே தலைப்பாகையும் மாயமுமாகக் கிரேட் டைகர் என்ற இந்தியர் இருந்தார். ஆக வீடியோ கேம் உலகில் இந்தியர் என்றால் மாயவித்தைக்காரர் என்பது தல்சிமுக்கு முன்பே எழுதிவைக்கப்பட்ட விதி.

அந்த விளையாட்டில் யாருமே தப்பவில்லை என்ற வாதம் அடிக்கடி முன்வைக்கப்படும். ஜப்பானியர் என்றால் சுமோ, ருஷ்யர் என்றால் கரடியோடு மல்லுக்கட்டுபவர், அமெரிக்கர் என்றால் விமானப்படை வீரர். அப்படியிருக்க நம்மவரை மட்டும் ஏன் தனியே எடுத்துப் பேச வேண்டும் என்பார்கள். இந்த வாதத்தில் ஒரு சறுக்கல் இருக்கிறது. ஜப்பானுக்கு ஹோண்டா மட்டுமல்ல, ரியூவும் இருக்கிறார். அமெரிக்காவுக்கு கைல் மட்டுமல்ல, கென்னும் இருக்கிறார். கேலிச்சித்திரம் ஒன்று என்றால் அதைச் சமன்செய்ய நாயகன் ஒருவன் பக்கத்திலேயே நிற்கிறான். எட்டுப் பேரில் மனித உருவைத் தாண்டி வரையப்பட்டவர்கள் இரண்டே பேர்: பிரேசிலில் இருந்து வந்த பச்சை மிருகமான பிளாங்காவும், இந்தியாவிலிருந்து வந்த தல்சிமும். இது தற்செயல் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை, திட்டமிட்ட அவமதிப்பு என்று சொல்லவும் வரவில்லை. அதிகம் தெரியாத நாடுகளுக்கு அதிகம் விசித்திரம் என்ற கணக்கு யாரும் யோசிக்காமலே நடந்துமுடிந்திருக்கும்.

ஆனால் கதையைப் படித்தால் வேறொரு மனிதர் தென்படுகிறார். வன்முறையை வெறுப்பவர், ஏழைக் கிராமத்துக்குப் பணம் திரட்டவே சண்டைக்கு இறங்குகிறார், சாலி என்ற மனைவியும் தத்தா என்ற மகனும் உள்ள இல்லறத்தார். கழுத்தில் தொங்கும் மண்டையோடுகள், கொள்ளைநோயில் இறந்த தன் ஊர்ப் பிள்ளைகளுடையவை. நெருப்பு அக்னி தேவனிடம் பெற்ற வரம். பார்த்ததும் அச்சுறுத்தும் அந்த மாலை ஒரு துக்க அடையாளம் என்று தெரிந்தபின் அதைப் பார்க்கும் பார்வையே மாறிவிடுகிறது. கபாலிகர்களைப் பற்றிக் கேள்விப்பட்ட நமக்கு மண்டையோட்டு மாலை அணிந்த துறவி அப்படியொன்றும் அந்நியமானவரும் அல்ல. குறை என்னவென்றால், இந்தக் கதை விளையாட்டின் கையேட்டிலும் ஓரக் குறிப்புகளிலும் கிடந்தது. திரையில் தெரிந்தது படம் மட்டும்தான். தியானம் செய்துவிட்டுப் பிறகு உன்னை அழிப்பேன் என்று, வென்றபின் அவர் பேசும் ஆங்கில வசனத்தை நினைவில் வைத்திருப்பவர்கள் அவருடைய மகன் பெயரை நினைவில் வைத்திருக்கமாட்டார்கள்.

கேப்காம் தெரிந்து செய்ததா தெரியாமல் செய்ததா என்று எனக்கு ஒரு வியப்பு உண்டு. நம் சித்தர் மரபில் பேசப்படும் எட்டு சித்திகளில் இலகிமா என்பது காற்றைப்போல் இலேசாகி மிதப்பது. அவருடைய தாவலும் மிதப்பும் அதுவே. பிராப்தி என்பது எட்டாததை எட்டுவது. பதஞ்சலியின் யோக சூத்திரத்துக்கு வியாசர் பெயரில் வழங்கும் பழைய உரை, அந்த சித்தி கைகூடியவர் விரல் நுனியால் நிலவையே தொடுவார் என்கிறது. நின்ற இடத்திலிருந்து கையை நீட்டித் தொலைவில் இருப்பவரைத் தொடும் யோகியை இதைவிடச் சுருக்கமாக விளக்க முடியுமா? குங்ஃபூ படத்திலிருந்து வந்த வேடிக்கையாகவே இருக்கலாம். எனினும் ஆட்டமுறை என்ற அளவில் தல்சிம் அந்த மரபுக்கு, அதை வரைந்த ஓவியத்தைவிட நெருக்கமாக நிற்கிறார். பதற்றமின்மை, தூரத்தை அளந்து வைத்திருத்தல், எதிராளியின் ஆசையை அவனுக்கே கண்ணியாக்குதல் ஆகியவை இல்லாமல் அவரை ஆடவே முடியாது.

1994-இல் வந்த ஹாலிவுட் படம் அவரை வேறொரு மூலையில் கொண்டுபோய் வைத்தது. அதில் ரோஷன் சேத் நடித்த தல்சிம் யோகியல்ல, வில்லனின் கட்டாயத்தால் வேலை செய்யும் விஞ்ஞானி. கேலிச்சித்திரத்தைத் தவிர்த்தார்கள்; அதோடு பாத்திரத்தையே தவிர்த்துவிட்டார்கள். ஐந்தாம் பாகம் நீண்ட வெண்தாடியும் தலைப்பாகையும் தந்து அவரை முதிர்ந்த குருவாக மாற்றியது. இதை வரவேற்றவர்களும் உண்டு. ஒரு பழைய அச்சை உடைத்துவிட்டு இன்னொரு பழைய அச்சில் வார்த்திருக்கிறார்கள் என்று குறைப்பட்டவர்களும் உண்டு. நான் முதல் கட்சி, கொஞ்சம் தயக்கத்தோடு. வெண்கண்ணும் எலும்புக்கூடுமாக இருந்தவர் இப்போது கண்ணியமான முகத்தோடு நிற்கிறார், ஆறாம் பாகத்தில் அவருக்கென்று ஒரு கோயிலே ஆட்டக்களமாக அமைந்திருக்கிறது. முப்பது ஆண்டுகளில் இவ்வளவாவது நகர்ந்திருக்கிறது.

ஆட்டத்தையும் தோற்றத்தையும் பற்றிய இந்த இரு வழக்குகளும் ஓரிடத்தில் வந்து சேர்கின்றன, அங்கே பாதிக்கப்படுபவர் புதிதாக ஆட வரும் இந்தியர். பாத்திரத் தேர்வுத் திரையில் ஏதோ ஒரு கொடி தன் நாட்டுடையது என்று கண்டதும் அதை அழுத்துவது யாருக்கும் இயல்பு. பிரேசில்காரருக்கும் அமெரிக்கருக்கும் ஜப்பானியருக்கும் கைக்குள் அடங்கும் ஓர் எளிய பாத்திரம் தங்கள் கொடிக்குக் கீழே கிடைக்கும். நமக்குக் கிடைப்பவரோ இந்தத் தொடரிலேயே கற்க மிகக் கடினமானவர்களில் ஒருவர். மற்றவர்களைக் கொண்டு கற்ற எதுவும் இவரிடம் செல்லாது, இவரிடம் கற்ற எதுவும் வேறொருவருக்கு உதவாது. ரியூவைப் பழகியவர் கென்னுக்கு மாறலாம். தல்சிமைப் பழகியவர் தல்சிமோடே இருக்க வேண்டியதுதான். நான் அறிந்தவர்களில் அவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒரு வாரத்தில் கைவிட்டவர்களே மிகுதி.

தொடரின் முதன்மை வரிசையில் இன்றுவரை இந்தியர் அவர் ஒருவர்தான். ஆரிக்கா நிறுவனம் 1990களில் உருவாக்கிய எக்ஸ் என்ற கிளைவரிசையில் தருண் மிஸ்டர் என்ற இந்திய மல்லர் இருந்தார். பிடித்து எறியும், நேராக மோதும், மாயம் எதுவும் தெரியாத மனிதர்; தங்கல் என்னும் மல்யுத்தப் போட்டிகளும் மல்லர் மரபும் உள்ள நாட்டுக்குப் பொருத்தமான கற்பனை. முதன்மை வரிசைக்கு அவரைக் கொண்டுவர யாருக்கும் தோன்றவில்லை. தல்சிமை மாற்றச் சொல்லி நான் கேட்கமாட்டேன், ஆட்டக்காரராக அவரிடம் எதையும் மாற்றத் தேவையில்லை. பக்கத்தில் இன்னொரு இந்தியரை நிறுத்துங்கள் என்றுதான் கேட்பேன். சிலம்பக் கம்போடோ களரியின் தாழ்ந்த பாய்ச்சலோடோ ஒரு பெண் வந்தால் இன்னும் நல்லது. அப்படி ஒருத்தி வந்தால், தல்சிமை எடுப்பவர்கள் கொடிக்காக எடுக்கமாட்டார்கள். அந்த நீண்ட கையின் கணக்கு பிடித்துப்போனவர்கள் மட்டும் எடுப்பார்கள், எதிராளிகளின் வசையைக் கேட்டுக்கொண்டே.